டீச்சரிடம் கேளுங்கள்: இந்த மாதம் விசையும் இயக்கமும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்குமேல் விசை, வேகம், உராய்வு பற்றியவை. பள்ளிகளில் அந்தப் பாடம் நடக்கிறது போலும். சுங்கை சிப்புட்டில் நான் டியூசன் எடுக்கும் கோயில் மண்டபத்திலும் இதே கேள்விகள்தாம். "விசை என்றால் தள்ளுதல் அல்லது இழுத்தல்" என்று பிள்ளைகள் ஒரே மூச்சில் ஒப்பிக்கிறார்கள். எதை எது தள்ளியது என்று கேட்டால் மண்டபத்தின் கூரையைப் பார்க்கிறார்கள்.

ஆகவே என் வகுப்பில் ஒரு சட்டம் வைத்திருக்கிறேன். விசை என்று எழுதினால் பக்கத்தில் இரண்டு பெயர் எழுத வேண்டும்: கொடுத்தது எது, வாங்கியது எது. மளிகைக் கடைக் கடன் சீட்டில் ஒரே ஒரு பெயர் இருந்தால் அந்தச் சீட்டு எதற்கு உதவும்? இதுவும் அப்படித்தான். இரண்டாவது பெயர் கிடைக்கவில்லையா, அந்த விசையை அடித்துவிடு. கடிதங்களுக்குப் போவோம்.

டீச்சர், எங்கள் பள்ளி பஸ்ஸில் இடமில்லாமல் பல நாள் நின்றுகொண்டுதான் வருகிறோம். திடீரென்று பிரேக் போட்டால் எல்லாரும் முன்னால் போய் விழுகிறோம். எங்களை முன்னால் தள்ளும் அந்த விசையின் பெயர் என்ன?
– படிவம் 1 மாணவன், லிந்தாங்

பெயர் கிடையாது தம்பி. அப்படி ஒரு விசையே இல்லை. இரண்டு பெயர்ச் சட்டத்தை இங்கே போட்டுப் பார். வாங்கியவன் நீ. கொடுத்தது எது? பின்னால் நின்றவன் உன்னைத் தள்ளினானா? தள்ளியிருந்தால் அது தலைமையாசிரியர் விசாரிக்க வேண்டிய விஷயம். தள்ளவில்லை என்றால் வேறு யாருமில்லை.

நடந்தது இதுதான். பஸ் 60 கி.மீ. வேகத்தில் போகிறது என்றால் அதற்குள் நிற்கும் நீயும் 60 கி.மீ. வேகத்தில்தான் போகிறாய். பிரேக் போட்டதும் சாலை டயர்களைப் பின்னோக்கி இழுக்கிறது, பஸ்ஸின் வேகம் குறைகிறது. பஸ்ஸின் தரை உன் காலணியைப் பின்னோக்கி இழுக்கிறது, காலின் வேகமும் குறைகிறது. உன் தோளையும் தலையையும் அந்த நொடியில் நேராகப் பிடித்து இழுக்க எதுவுமில்லை. அவை பழைய வேகத்திலேயே போகின்றன. கால் பின்தங்கிவிட்டது, தலை போய்க்கொண்டிருக்கிறது. விழாமல் என்ன செய்வாய்? சாலையோரம் நின்று பார்ப்பவருக்கு நீ முன்னால் பாய்ந்ததாகத் தெரியாது. பஸ்தான் உன்னைவிட மெதுவாகிவிட்டது.

இதற்கு நிலைமம் என்று பெயர். அது விசை அல்ல, பொருளின் குணம். விசை எதுவும் குறுக்கிடாதவரை நிற்பது நிற்கும், போவது அதே நேர்க்கோட்டில் அதே வேகத்தில் போகும். 1687-இல் நியூட்டன் தம் முதல் விதியாக எழுதி வெளியிட்டது இதைத்தான். அவருக்கு முன்னரே இத்தாலியில் கலிலியோ சரிவுப் பலகைகளில் உருண்டைகளை உருட்டிப் பார்த்து ஏறக்குறைய இந்த இடத்துக்கு வந்துவிட்டார். அதற்கு முந்திய இரண்டாயிரம் ஆண்டுகள், ஒரு பொருள் போய்க்கொண்டே இருக்க அதை யாராவது தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும் என்றுதான் படித்தவர்களில் பெரும்பாலோர் நம்பினார்கள். நீயும் அப்படி நம்பினால் வெட்கப்பட ஒன்றுமில்லை. சைக்கிள் மிதிப்பதை நிறுத்தினால் சைக்கிள் நிற்கிறதே என்று வாதாடுவாய். அது தானாக நிற்கவில்லை. சாலையும் காற்றும் அச்சும் சேர்ந்து நிறுத்துகின்றன.

நம் மலேசியாவில் 2009 ஜனவரி 1 முதல் காரின் பின்னிருக்கையிலும் வார்ப்பட்டை கட்டாயம். கார் நிற்கும்போது உன் மார்பைப் பின்னோக்கி இழுக்க ஒன்று வேண்டுமே, அந்தக் கொடுக்கும் பெயர்தான் பட்டை. பட்டை இல்லையென்றால் அந்த வேலையை முன்னிருக்கையோ கண்ணாடியோ செய்யும். பஸ்ஸில் கம்பியைப் பிடித்துக்கொள். ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் வைத்து நில்.

வினைக்குச் சமமான எதிர்வினை உண்டு என்றால், எருமை வண்டியை எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவு வண்டியும் எருமையைப் பின்னால் இழுக்குமே! இரண்டும் சரிக்குச் சரி கழிந்து போனால் வண்டி எப்படி நகர்கிறது? ஆசிரியரிடம் கேட்டேன், "தேர்வுக்கு வராது" என்றார்.
– படிவம் 2 மாணவி, பீடோர்

தேர்வுக்கு வராத கேள்விதான் நல்ல கேள்வி, மகளே. இது மேல்நாட்டில் குதிரையை வைத்துக் கேட்கப்படும் பழைய புதிர். நம்மிடம் குதிரை இல்லை, செம்பனைக் காட்டில் பழக்குலை இழுக்கும் எருமை இருக்கிறது. டிராக்டர் நுழைய முடியாத சதுப்பிலும் அது நுழையும். நீ எருமையைச் சொன்னதற்கே உனக்குப் பாதி மதிப்பெண் போட்டுவிட்டேன்.

முதலில் உன் கூற்றில் சரியானதை ஒப்புக்கொள்கிறேன். எருமை வண்டியை 600 நியூட்டன் (விசையை அளக்கும் அலகுக்கும் அவர் பெயர்தான்) விசையோடு முன்னால் இழுத்தால், வண்டி எருமையை அதே 600 நியூட்டனோடு பின்னால் இழுக்கும். ஒரு நியூட்டன்கூடக் குறையாது. வண்டி ஓடினாலும் நின்றாலும் சேற்றில் புதைந்தாலும் இந்தச் சமம் மாறாது.

தவறு அடுத்த அடியில் இருக்கிறது. "கழிந்து போகும்" என்றாயே, எதிலிருந்து எதைக் கழித்தாய்? பெயர்களை எழுது. முதல் விசையைக் கொடுத்தது எருமை, வாங்கியது வண்டி. இரண்டாவதைக் கொடுத்தது வண்டி, வாங்கியது எருமை. இரண்டையும் வாங்கியவர் ஒருவர் அல்லர். ஒரே பொருள் வாங்கிய விசைகளைத்தான் ஒன்றோடொன்று கூட்டவோ கழிக்கவோ முடியும்.

இனி வண்டியை மட்டும் பார். எருமையை உள்ளங்கையால் மறைத்துக்கொள். வண்டி வாங்கும் விசைகள் எவை? எருமையிடமிருந்து முன்னோக்கி 600. கரடுமுரடான மண் சக்கரத்தைத் தடுப்பதால் பின்னோக்கி, ஒரு பேச்சுக்கு, 400 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் முன்னோக்கி 200. வண்டியும் குலைகளும் சேர்ந்து 500 கிலோ என்றால் 200-ஐ 500-ஆல் வகு. வண்டி ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 0.4 மீட்டர் வீதம் வேகம் கூடும். மிஞ்சிய விசையை நிறையால் வகுத்தால் வேகம் கூடும் வீதம், இதுதான் நியூட்டனின் இரண்டாம் விதி.

இப்போது வண்டியை மறைத்துவிட்டு எருமையைப் பார். வண்டி அதைப் பின்னால் 600-க்கு இழுக்கிறது. பிறகு எருமை ஏன் பின்னால் போகவில்லை? அதன் குளம்பைக் கவனி. குளம்பு மண்ணைப் பின்னோக்கித் தள்ளுகிறது, மண் குளம்பை முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளல் 800 என்றால் எருமைக்கும் முன்னோக்கி 200 மிஞ்சும். எருமையும் 500 கிலோ என்று வைத்தால் அதற்கும் அதே 0.4. இரண்டின் வேகமும் ஒரே வீதத்தில் கூடினால்தானே கயிறு தொய்யாமலும் அறுந்துபோகாமலும் இருக்கும்.

ஆக, இந்த ஜோடியை நகர்த்துவது எருமைக்கும் வண்டிக்கும் நடுவே நடக்கும் இழுபறி அல்ல. வெளியிலிருந்து மண் தரும் விசைதான். அடைமழை பெய்த மறுநாள் காட்டுக்குள் போய்ப் பார்த்தால் இது விளங்கும். எருமைக்கு வலிமை குறையவில்லை, வண்டியும் அதே வண்டிதான். மண் வழுக்குகிறது, அதனால் 800 கொடுக்க மண்ணால் முடியவில்லை. குளம்பு பின்னால் சறுக்கும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். டிராக்டர் சேற்றில் மாட்டினால் சக்கரத்துக்கு அடியில் செம்பனை மட்டைகளைப் போடுகிறார்களே, அது டிராக்டருக்கு வலுவூட்ட அல்ல. தள்ளிக் கொடுக்கத் தெரிந்த ஒரு தரையை அதற்குக் கீழே வைக்கிறார்கள். உராய்வை எப்போதும் தடை என்று எழுதும் வழிகாட்டி நூல்களை எனக்குப் பிடிக்காததற்கு இதுவும் ஒரு காரணம். உராய்வு இல்லாவிட்டால் நீ பள்ளிக்கு ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது.

வண்டி கிளம்பி ஒரே சீரான வேகத்துக்கு வந்தபின் என்ன ஆகும்? எருமை 400-க்கு இழுத்தால் போதும். மண்ணின் தடையும் 400. மிச்சம் பூஜ்யம். ஆனாலும் வண்டி ஓடுகிறது! லிந்தாங் தம்பிக்குச் சொன்ன பதிலைப் படித்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது.

குலை வெட்டும்போது உதிரிப் பழங்களும் கூடவே விழுகின்றன. 20 கிலோ குலையும் சின்னப் பழமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தரைக்கு வருவது போலத் தெரிகிறது. கனமானது முன்னால் விழ வேண்டாமா?
– ஆறாம் ஆண்டு மாணவன், பாகான் செராய்

உன் கண் நன்றாக வேலை செய்கிறது. பழம் 10 கிராம் என்று வைத்தால் குலை அதைப்போல் 2,000 மடங்கு கனம். பூமி குலையை 2,000 மடங்கு அதிகமாக இழுக்கிறது, உண்மை. ஆனால் குலையை அசைப்பதும் 2,000 மடங்கு கடினம். அதிக இழுப்பும் அதிகப் பிடிவாதமும் சரியாகப் போய்விடுகின்றன. ஆகவே இரண்டும் ஒவ்வொரு நொடிக்கும் நொடிக்கு 9.8 மீட்டர் வீதம், அதாவது மணிக்கு ஏறத்தாழ 35 கி.மீ. வீதம், வேகம் கூடுகின்றன.

நுணுக்கமாக அளந்தால் பழம் சற்றுப் பிந்தும். அது காற்று செய்யும் வேலை. வெட்டிய மட்டை விழும்போது பார், அசைந்து அசைந்து சாவகாசமாக வரும். காற்றே இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்று 1971-இல் அப்பல்லோ 15-இல் சென்ற டேவிட் ஸ்காட் நிலாவில் நின்று செய்து காட்டினார். ஒரு கையில் சுத்தியல், மறு கையில் வேட்டைப் பறவையான வல்லூறின் இறகு. இரண்டையும் ஒன்றாக விட்டார், இரண்டும் ஒன்றாகத் தரை தொட்டன.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள். மரம் 12 மீட்டர் உயரம் என்றால், காற்றை விட்டுவிட்டுக் கணக்கிட, குலை ஒன்றரை நொடிக்குச் சற்று மேல் எடுத்துக்கொள்ளும். தரைக்கு வரும்போது அதன் வேகம் மணிக்கு சுமார் 55 கி.மீ. நகரச் சாலையில் போகும் காரின் வேகம். அப்பா குலை வெட்டும்போது அருகே போய் நின்று இந்தப் பாடத்தைப் பரிசோதிக்காதே. அவர் தலைக்கவசம் போடாமல் போனால் இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டு.

ஈடிஎஸ் மின்சார ரயில் 140 கி.மீ. வேகம் போகும் என்கிறார்கள். ஈப்போவிலிருந்து கோலாலம்பூர் 200 கி.மீ.தான். ஏன் ஒன்றரை மணியில் போய்ச் சேருவதில்லை?
– ஒரு தாயார், தாப்பா

140 என்பது அது எட்டக்கூடிய உச்ச வேகம் அம்மா. வழியெல்லாம் அதே வேகத்தில் போவதில்லை. நிலையங்களில் நிற்கும், நின்றபின் மெல்ல வேகம் பிடிக்கும், வளைவுகளில் குறைக்கும். மொத்தத் தூரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் வருவது சராசரி வேகம். 200 கி.மீ. தூரத்துக்கு இரண்டரை மணி என்றால் சராசரி 80. நின்ற நேரமும் அந்த இரண்டரை மணிக்குள் அடக்கம். பிள்ளைகள் கணக்கில் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

பூப்பந்தில் ஸ்மாஷ் மணிக்கு 565 கி.மீ. வேகம் என்று படித்தேன். விமானம் அளவுக்கு வேகம்! எதிராளி எப்படித் திருப்பி அடிக்கிறார்? பொய்யா?
– படிவம் 2 மாணவன், கோல கங்சார்

பொய் இல்லை. 2023-இல் இந்திய வீரர் சாத்விக்சாய்ராஜ் ரங்கிரெட்டி எட்டிய அளவு அது. போட்டியில் அல்ல, அளப்பதற்கென்றே நடத்திய சோதனையில். அதற்கு முன்பு அந்தச் சாதனை நம் நாட்டு டான் பூன் ஹியோங்கிடம் இருந்தது, 2013-இல் 493 கி.மீ. பத்தாண்டு நம்மிடம் இருந்ததைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சின்ன மகிழ்ச்சி.

அந்த 565 மட்டையை விட்டுக் கிளம்பும் கணத்து வேகம். அதே வேகத்தில் போனால் 13.4 மீட்டர் நீள ஆடுகளத்தைப் பத்தில் ஒரு நொடிக்குள் கடந்துவிடும், எவராலும் தொட முடியாது. ஆனால் இறகுப்பந்து ஐந்து கிராம்தான். 16 இறகுகள் பாவாடை போல விரிந்து நிற்கின்றன. வேகம் இரு மடங்கானால் காற்றின் தடை ஏறக்குறைய நான்கு மடங்காகும், மூன்று மடங்கானால் ஒன்பது. கிளம்பும் நொடியில் காற்று அந்தப் பந்தை அதன் எடையைப்போல் பல நூறு மடங்கு விசையோடு பின்னால் தள்ளுகிறது. அவ்வளவு விசையை ஐந்து கிராம் எப்படித் தாங்கும்? வேகம் சரசரவென்று விழுந்துவிடும். எதிராளியிடம் போய்ச் சேரும் பந்து கிளம்பிய பந்தைவிட மிக மெதுவானது.

தோட்ட மண்டபத்தில் ஆடும்போது இறகு உடைந்த பழைய பந்தையும் புதிய பந்தையும் மாற்றி மாற்றி அடித்துப் பார். எது எப்படிப் போகிறது, ஏன் என்று எனக்கு எழுது. பதிலை நான் சொல்லப் போவதில்லை.

நான் குலை வெட்டுகிறவன். ஒற்றைச் சக்கரத் தள்ளுவண்டியில் பாரத்தை முன்பக்கம் அடுக்கச் சொல்லி மகளிடம் சொன்னேன். ஏன் என்று கேட்கிறாள். அனுபவம் என்றேன். அவளுக்கு அது போதவில்லையாம்.
– ஒரு தந்தை, சுங்கை சிப்புட்

மகளுக்கு வாழ்த்துச் சொல்லுங்கள் ஐயா. உங்கள் அனுபவத்துக்குக் கணக்கு இதோ. சக்கரத்தின் அச்சுதான் வண்டி சுழலும் புள்ளி. பாரம் 100 கிலோ, அதன் நடுப்பகுதி அச்சிலிருந்து அரை மீட்டர் தள்ளி இருக்கிறது, கைப்பிடி ஒன்றரை மீட்டர் தள்ளி இருக்கிறது என்று வைப்போம். 100-ஐ அரையால் பெருக்கி ஒன்றரையால் வகுத்தால் 33. வண்டியின் சொந்த எடையை விட்டுவிட்டால், உங்கள் கைகள் தூக்குவது சுமார் 33 கிலோவின் எடை. மீதியைச் சக்கரம் தாங்குகிறது. பாரத்தை முன்னால் நகர்த்தி 0.3 மீட்டரில் வைத்தால் கைக்கு 20 கிலோதான் வரும். ஒரேயடியாக முன்னால் வைத்தால் வண்டி குப்புறக் கவிழும். மகள் அடுத்து அதைத்தான் கேட்பாள்: பாரம் அச்சைத் தாண்டிப் போனால் அது கைப்பிடியைக் கீழே அழுத்துவதற்குப் பதிலாக மேலே தூக்கும்.

நம் நாட்டின் முதல் விண்வெளி வீரர் ஷேக் முஸாஃபார் விண்வெளி நிலையத்தில் மிதந்த காணொளியைப் பார்த்தேன். அங்கே புவியீர்ப்பு இல்லாததால்தான் மிதக்கிறார் என்று என் விடையில் எழுதினேன். சரியா?
– படிவம் 3 மாணவி, தெலுக் இந்தான்

இல்லை. அவர் 2007 அக்டோபரில் போன நிலையம் பூமியிலிருந்து சில நூறு கிலோமீட்டர் உயரத்தில்தான் சுற்றுகிறது. 400 கி.மீ. என்றே வைத்துக்கொள். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் அது ஒரு பகல் பயணம். அவ்வளவு தூரத்தில் பூமியின் இழுப்பு, தரையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கு அப்படியே இருக்கிறது. ஈர்ப்பு இல்லாவிட்டால் நிலையம் பூமியைச் சுற்றவே சுற்றாது, நேர்க்கோட்டில் எங்கோ போய்விடும்.

இரண்டு பெயர்ச் சட்டத்தைப் போடு. வீரரை இழுப்பது எது? பூமி. நிலையத்தை இழுப்பது எது? அதுவும் பூமி. பாகான் செராய் தம்பியின் குலையும் பழமும் போல இருவரும் ஒன்றாகவே விழுகிறார்கள். ஆனால் பக்கவாட்டில் மணிக்கு சுமார் 28,000 கி.மீ. வேகமும் இருப்பதால், விழுந்துகொண்டே இருந்தாலும் தரை வளைந்து விலகிக்கொண்டே போகிறது. ஒரு சுற்று முடிக்க ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம். கூடவே விழும் தரை அவருடைய காலை மேல்நோக்கித் தள்ளாது. நாம் கனமாக உணர்வது தரை நம்மைத் தள்ளுவதால்தான். அந்தத் தள்ளல் அங்கே இல்லை, ஈர்ப்பு இருக்கிறது.

விடைத்தாளில் அடுத்த முறை "வீரரும் நிலையமும் சேர்ந்து விழுகிறார்கள்" என்று எழுது. அதற்கு மதிப்பெண் குறைத்தால் விடைத்தாளின் நகலை எனக்கு அனுப்பு.